செவுள் மூடாத குஞ்சுகள்

பினாங்குத் தீவின் பாயான் பாருவில் எங்கள் வீட்டுக்கும் பிரமிளாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவளுடைய அப்பா ராமசாமி கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டினால் எங்கள் கூடத்தில் கேட்கும். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கை விளங்குவதில்லை. பேச்சும் நாலைந்து சொற்களோடு நின்றுவிட்டது. மகள் கண்ணில் படாமல் கொஞ்ச நேரம் போனாலே தட்டத் தொடங்கிவிடுவார். பிரமிளா கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து முகத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் நிறுத்திவிடுவார்.

பிரமிளாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் எங்கள் வரிசையிலேயே நேர்த்தியாக உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனவள் அவள்தான். தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தாள். நாள் முழுக்க உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, சின்னச் சின்னப் பலகைகளில் ஈயப் பற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றியபோது அவளையும் கூட இருந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த தீபாவளி வருவதற்குள் அப்பா விழுந்தார். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டிய பெரிய உடம்பு. புரட்டிப் படுக்கவைக்கவே தெம்பு வேண்டும். அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். தம்பி லோகேஸ்வரன் கடலுக்கு அந்தப் பக்கம், செபெராங் ஜெயாவில், மனைவி அதிராவோடு இருக்கிறான். காப்புறுதி விற்கிறான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அவள் அங்கே இருந்தாள், அவ்வளவுதான்.

மீன்களைக் கொண்டுவந்தவன் தம்பி. அவனுடைய அடுக்குமாடியில் பெரிய தொட்டிகள் வைக்க இடமில்லை.

"நீ வீட்டுல சும்மாதானேக்கா இருக்கே. உனக்கும் பொழுது போவும்," என்றான்.

அந்தச் 'சும்மா'வை அவள் என்னிடம் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாள். அதற்காக அவனைத் திட்டியதில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரிப்பாள்.

பின்கட்டில் இரும்புச் சட்டம் அடித்து வரிசையாகத் தொட்டிகள் ஏறின. துணி துவைக்கும் இயந்திரம் வாசலுக்கு வந்தது. மீன்கள் டிஸ்கஸ். சாப்பாட்டுத் தட்டைப் போல வட்டமாக, தட்டையாக, சிவப்பும் நீலக் கோடுமாக இருக்கும். பினாங்கில் அந்த மீனுக்கு வெகுகாலமாகப் பித்துப் பிடித்தவர்கள் உண்டு. அதன் முட்டை பொரிய வேண்டுமானால் தண்ணீர் மிகவும் மென்மையாக இருக்க வேண்டும். உப்பும் தாதுவும் இருக்கக் கூடாது. அதற்காகக் குழாய்த் தண்ணீரைச் சுத்தமாக வடித்தெடுக்கும் வடிகட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினான் லோகேஸ்வரன். பொரிந்த குஞ்சுகள் முதலில் வேறெதையும் தின்னாது. தாய்மீன், தகப்பன்மீன் இரண்டின் உடம்பிலும் ஊறும் வழுவழுப்பைத்தான் மேயும். பிரமிளா முதல் தடவை அதைப் பார்த்தபோது என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். புள்ளி புள்ளியாக ஒரு கூட்டம் பெரிய மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு கொறித்துக்கொண்டிருந்தது. பெரிய மீன் அசையாமல் நின்றது.

"பாவம்கா, எங்கயும் நகர முடியல பாருங்க அதால," என்றாள்.

காலையும் சாயங்காலமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு வேளை தவறினாலும் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதனால் அவள் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போவது நின்றது. கல்யாணங்களுக்குப் போவது நின்றது. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாலும் பாதி ஓட்டம்தான். வீட்டுக்குள் அப்பாவின் அறையிலிருந்து பின்கட்டுக்கும், பின்கட்டிலிருந்து அப்பாவின் அறைக்கும் அவளுடைய ரப்பர் செருப்பு சளக் சளக் என்று போய்வருவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

போன வருஷம் ஒரு ஈட்டில், ஒரே தடவையில் பொரிந்த குஞ்சுகளில், கோளாறு வந்தது. குஞ்சுகளைத் தாய்மீனிடமிருந்து பிரித்துத் தனித் தொட்டியில் விட்டிருந்தாள். நகத்தளவு வளர்ந்திருந்தன. தீனி போடும்போது ஒரு குஞ்சின் கன்னத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது. பழைய வேலையின் பழக்கம், அலமாரியில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தாள். செவுள் மூடியின் ஓரம் காய்ந்த இலை மாதிரி வெளிப்பக்கம் சுருண்டிருந்தது. உள்ளே இருக்கும் சிவந்த செவுள் திறந்து கிடந்தது. அடுத்ததைப் பார்த்தாள், அதுவும் அப்படித்தான். சிலவற்றுக்கு இரண்டு பக்கமும் மூடியே பாதிதான் இருந்தது.

தம்பிக்குப் படம் பிடித்து அனுப்பினாள். அவன் உடனே கூப்பிட்டான்.

"என்னக்கா இது? என்னா தீனி போட்டே?"

"நீ சொன்னதைத்தான் போட்டேன். எறால் குஞ்சும் மாட்டு ஈரலும்."

"அப்பறம் எப்டி வளையும்? இந்த மாதிரி மீன ஒருத்தனும் தொட மாட்டான். எல்லாத்தையும் எடுத்து வீசிடு. ஐஸ் தண்ணியில போட்டா செத்துடும், ஒண்ணும் வலிக்காது."

"எல்லாத்தையுமா?"

"வளைஞ்சத வெச்சு என்னா பண்ணப் போறே?"

தொழிற்சாலையில் குறை உள்ளதைச் சிவப்புப் பெட்டியில் போட அவள் ஒரு நாளும் தயங்கியதில்லை. இங்கே கிண்ணத்தில் ஐஸ் கட்டிகளைப் போட்டு எடுத்துவந்து தொட்டிப் பக்கத்தில் வைத்தாள். கட்டிகள் கரைந்து வெறும் தண்ணீராகும் வரை நின்றாள். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம்தான் ஐரீன் வந்தாள். அவளும் பிரமிளாவும் ஒரே மேசையில் அருகருகே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஐரீன் இப்போது மருத்துவக் கருவிகள் செய்யும் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறாள். வந்ததும் வராததுமாக, "பிரமி, ஆள் எடுக்கறாங்க," என்றாள். "இன்ஸ்பெக்‌ஷன் லைன். நான் சூப்பர்வைசர்கிட்ட உன்னப் பத்திச் சொல்லிட்டேன். வியாழக்கிழம காலைல நேர்ல வரணுமாம். நானே காடில கூட்டிட்டுப் போறேன்."

"அப்பாவ யார் பாத்துக்குவா?"

"காலைல ஒரு ஆள் வெச்சுக்கலாம். உன் சம்பளத்துல குடு. லோகேஸ் பாதி போடட்டும். எத்தன வருஷம் இப்டியே இருப்பே? கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தியா?"

பிரமிளா தொட்டியைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "வியாழக்கிழம காலைல மட்டும் அப்பாகூட உக்காந்திருப்பீங்களாக்கா?" என்று கேட்டபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. நான் சரி என்றேன். பழைய சுடிதார் ஒன்றைக் கையோடு எடுத்து வந்திருந்தாள், தையல் பிரித்து அகலமாக்க வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே அதைச் செய்தாள்.

தம்பியிடம் சொன்னபோது அவன் கத்தவில்லை. அதுதான் மோசம்.

"போக்கா. உன் இஷ்டம். ஆனா மீன் எல்லாம்? அப்பாவ வெளியாள் தூக்கிக் குளிப்பாட்டறதா? இல்ல ஹோம்ல போட்டுடலாமா? சொல்லு, போட்டுடலாம். சொந்தக்காரங்க என்னா பேசுவாங்கன்னு மட்டும் யோசிச்சுக்க."

வேலைக்குப் போவதற்குள் பின்கட்டை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம் வந்தது. குஞ்சுகள் ஏன் வளைகின்றன என்று கைத்தொலைபேசியில் தேடினாள். எலும்பு வளரக் கால்சியம் வேண்டும், மென்மையான தண்ணீரில் அது இல்லை, சேர்க்க வேண்டும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. எவ்வளவு, எப்படி என்பதைப் படிக்கும் முன் கரண்டிச் சத்தம். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்தபோது மனம் அதிலேயே ஓடியது. கால்சியம் என்றால் சுண்ணாம்புதானே. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு டப்பா சாமி மாடத்துக்குக் கீழே இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஒரு ஸ்பூன் எடுத்துக் கரைத்துக் குஞ்சுத் தொட்டியில் ஊற்றினாள். தண்ணீர் பால் மாதிரி கலங்கிப் பிறகு தெளிந்தது. தெளிந்ததைப் பார்த்து நிம்மதியாகப் போய்ப் படுத்தாள்.

வியாழக்கிழமை காலை நான் போனபோது அவள் சுடிதார் போட்டு, தலை பின்னி, பவுடர் பூசியிருந்தாள். "ரெண்டு நிமிஷம்கா, தீனி மட்டும் போட்டுட்டு வந்துடறேன்," என்று பின்னால் போனாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். குஞ்சுகள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் கூட்டமாகத் துடித்துக்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே அடியில் வெள்ளையாகக் கிடந்தன. சுண்ணாம்பு ஒரே இரவில் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றி, மீன் கழிவை விஷமாக்கிவிட்டிருந்தது. அப்போது எங்கள் இருவருக்கும் அது தெரியாது. அவள் சுடிதார் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, குழாயைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீரை இறக்கத் தொடங்கினாள். வடித்த தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றினாள். முன்னால் ஐரீனின் காடி ஹார்ன் அடித்தது. உள்ளே அப்பா தட்டினார்.

நான் கேட்டைத் திறக்கப் போனேன். ஐரீன் உள்ளே வந்து பின்கட்டு வாசலில் நின்றாள்.

"பிரமி, நேரமாவுது லா. வா."

"இதோ, இந்த ஒரு தொட்டி."

"மீனுக்காகவா?"

"நான்தான் ஊத்துனேன் ஐரீன். என் கையாலதான்."

"அதுக்கு இப்ப என்னா பண்ண முடியும்? செத்தது செத்தாச்சு."

"உசுரோட இருக்கே, பாரு, இன்னும் இருக்கே."

ஐரீனும் வேலைக்குப் போக வேண்டியவள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள். காடி கிளம்பும் சத்தம் கேட்டபோது பிரமிளா நிமிரவில்லை. அன்று மத்தியானம் பிழைத்த குஞ்சுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவளுடைய சுடிதார் தொடைவரை நனைந்து, பவுடர் வியர்வையில் கோடாக வழிந்திருந்தது. ராமசாமியின் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அவர் இடது கையால் அவளுடைய ஈரத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். ஐரீன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் சில மாதம் வரவும் இல்லை.

மறுவாரம் நான் அவளுடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ள, அவள் பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஷரீஃபா என்பவள் மீன் தீனியும் மீன் மருந்தும் விற்கிறாள். மீன் வளர்ப்பவர்கள் அவளிடம்தான் போவார்கள். பிரமிளா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"அலாமாக், வெத்தல சுண்ணாம்பா!" என்று ஷரீஃபா நெற்றியில் கை வைத்தாள். "அக்கா, நீங்க நெனச்சது சரிதான். போட்ட சாமான்தான் தப்பு. நம்ம பினாங்கு பைப் தண்ணியே லேசு. அதையும் வடிச்சு எடுத்தா அதுல என்னா இருக்கும்? முட்ட பொரிய அது வேணும். பொரிஞ்சப்புறம் குஞ்சு வளரணும்ல? எலும்புக்கும் அந்த மூடிக்கும் சத்து வேணும்."

"எவ்ளோ போடணும்?"

"அவசரப்படாதீங்க. தாய்கிட்டேருந்து பிரிச்சதும் பைப் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா கலந்துட்டு வாங்க. அப்பறம் இது." உடைந்த பவளத் துண்டுகள் நிரம்பிய பை ஒன்றை மேசைமேல் வைத்தாள். "ஒரு கை அளவு துணியில கட்டி, குஞ்சுத் தொட்டியோட வடிகட்டிப் பொட்டிக்குள்ள போட்டுடுங்க. அதுவா மெதுவா கரையும். இந்தக் குழாயில தண்ணி எடுத்து, இந்தச் சொட்டு மருந்த விட்டுப் பாருங்க. மருந்து பட்டு செவக்கற தண்ணி எத்தனாவது சொட்டுக்குப் பச்சையாவுதுன்னு. ஒரே சொட்டுல மாறிட்டா தண்ணியில ஒண்ணுமில்லன்னு அர்த்தம். அஞ்சாறு சொட்டு தாங்குச்சுன்னா போதும்."

"வளைஞ்சது நிமிருமா?"

"லேசா சுருண்டதுன்னா நிமிர்ந்தாலும் நிமிரும். மூடியே இல்லாததுக்கு அல்லாதான்."

வீட்டுக்கு வந்து முதலில் வடித்த தண்ணீரைச் சோதித்தாள். முதல் சொட்டிலேயே பச்சையாகிவிட்டது. சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தாள்.

அடுத்த ஈடு வந்தபோது எதையும் அவசரப்படுத்தவில்லை. வடித்த தண்ணீரில் பொரிய விட்டாள், பிரித்ததும் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சமாகக் கலந்தாள், பவளப் பையைத் தொட்டியின் வடிகட்டிக்குள் வைத்தாள், தினமும் சொட்டுவிட்டுப் பார்த்தாள். குஞ்சுகள் வளர வளரப் பூதக்கண்ணாடியை எடுப்பதற்கே பயந்தாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே பாத்துச் சொல்லுங்கக்கா," என்று கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். மூடிகள் எல்லாம் வழவழவென்று, மூடியபடி, கதவு மாதிரி திறந்து திறந்து அடைத்துக்கொண்டிருந்தன. முந்தைய ஈட்டில் பிழைத்தவற்றில் ஒன்றிரண்டுக்கும் சுருட்டல் குறைந்திருந்தது. மற்றவை அப்படியே இருந்தன. அவற்றுக்கென்று கீழ்த்தட்டில் ஒரு தொட்டி ஒதுக்கியிருந்தாள். தம்பியிடம் அதைச் சொல்லவில்லை.

நன்றாக வளர்த்ததில் அவளுக்குக் கிடைத்தது என்னவென்றால், ஒரு சனிக்கிழமை லாரி வந்து வாசலில் நின்றது. லோகேஸ்வரன் முன் இருக்கையிலிருந்து குதித்தான். பின்னாலேயே அதிரா காடியை ஓட்டிக்கொண்டு வந்திறங்கினாள். லாரியில் புதிய தொட்டிகள், புதிய ஜோடி மீன்கள்.

"அக்கா, நீ வளக்கற மாதிரி இந்தத் தீவுலயே ஆள் இல்லன்னு பேசிக்கறாங்க. இன்னும் ரெண்டு ஜோடி. நீ இருக்கும்போது என்னா கவல?"

"எங்க வெக்கிறது?"

"அப்பா ரூம்ல ஜன்னல் பக்கம் இடம் இருக்கே."

நான் எங்கள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பிரமிளா கேட்டைப் பிடித்தபடி லாரியையே பார்த்தாள். முகத்தில் கோபம் தெரியவில்லை, ரத்தம் வற்றியது மாதிரி வெளுத்திருந்தது.

"லோகேஸ், நாளைக்கு எனக்கு மூச்சு நின்னுட்டா இதுக்கெல்லாம் யார் தண்ணி மாத்துவா?"

"ஏன்க்கா அபசகுனமா பேசறே?"

"ஞாயித்துக்கிழம நீ வா. காலைலேருந்து சாயந்தரம் வரைக்கும். அப்பாவயும் பாரு, மீனயும் பாரு. ஒவ்வொரு வாரமும்."

"ஞாயித்துக்கிழமதான்கா க்ளையண்ட் வீட்டுல இருப்பாங்க. அன்னிக்குத்தான் நான் போயி பாக்க முடியும்."

"அப்டின்னா லாரியத் திருப்பிக்கிட்டுப் போ. உள்ள இருக்கற ஜோடியையும் ஏத்திக்க."

லோகேஸ்வரன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அதிராதான் பேசினாள். அதிகம் பேசாத பெண் அவள். "அவங்க கேக்கறதுல என்னா தப்பு? உங்க அப்பாதானே," என்றாள். லாரிக்காரர் எந்தப் பக்கமும் பார்க்காமல் சிகரெட்டைப் பற்றவைத்தார். கடைசியில் லாரி வந்தபடியே திரும்பிப் போயிற்று. உள்ளே இருந்த மீன்களை அவள் ஏற்றிவிடவில்லை. அதற்குள் மனசு மாறிவிட்டது.

அடுத்த ஞாயிறு லோகேஸ்வரன் வந்தான். அவனுக்கு எல்லா வேலையையும் விளக்கிவிட்டு அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எங்கே போவது என்றே அவளுக்குத் தெரியவில்லையாம். டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தமான வெல்ட் கீ ஜெட்டியில், படகுத்துறையில், இறங்கி, எல்லோரும் போகிறார்களே என்று ஃபெர்ரியில் ஏறிவிட்டாள். பாதிக் கடலில் தொலைபேசி அடித்தது.

"அக்கா, அப்பா நிறுத்தவே மாட்டேங்கறாரு."

"போய் முகத்தக் காட்டு."

"காட்டிட்டேன். என் மொகம் வேணாமாம். தலைய ஆட்டி ஆட்டி உன்னத் தேடறாரு."

அந்த நேரத்தில் கரையில் இருந்திருந்தால் ஒரு டாக்சியைப் பிடித்துத் திரும்பியிருப்பேன் என்று அவள் சொன்னாள். கடலில் இறங்க வழியில்லை. "அப்பா பக்கத்துல உக்காரு. சும்மா உக்காரு," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டாள். அப்பாவுக்கு மருந்து நேரம் நினைவுக்கு வர, அடுத்த படகிலேயே திரும்பினாள். வீட்டுக்கு வந்தபோது தம்பி நனைந்த சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ஜோடிகளில் பாதியை ஷரீஃபா வாங்கிக்கொண்டாள். பின்கட்டில் நடக்க வழி வந்தது. துணி துவைக்கும் இயந்திரம் மட்டும் இன்னும் வாசலில்தான். ஐரீன் மறுபடியும் வரத் தொடங்கினாள். ஆனால் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது லோகேஸ்வரன் வருகிறான். மற்ற ஞாயிறுகளில் தலைவலி, கார் கோளாறு. ராமசாமி அவனுடைய முகத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு அவள் வெளியே போய்விட்டுத் திரும்பும்போது கேட்டருகே நின்று, எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன்.

"எங்கயும் போகலக்கா," என்றாள். "ஜெட்டியில பெஞ்சு ஒண்ணு காலியா இருந்துச்சு. படகுக்கு நேரம் இருக்கேன்னு உக்காந்தேன், அப்டியே தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா பொழுது சாஞ்சிருச்சு."

கன்னத்தில் கைப்பையின் வார் பதிந்த கோடு இன்னும் இருந்தது. அவள் கேட்டைத் திறந்து உள்ளே போனாள்.